கோட்டு கிரிட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ரீஜன்: எண்ணிக்கை சரி, பரப்பு மட்டும் ஒத்துவரவில்லை

கட்டக்கோடு:

வணக்கம். ஆட்டோகேடில் (கணினி வரைபட மென்பொருள்) வெறும் லைன்களால் போட்ட ஒரு கிரிட் என்னிடம் இருக்கிறது. நெடுக்கில் 12 கோடு, குறுக்கில் 9 கோடு. நெடுக்குக் கோடுகளுக்கு இடைவெளி 1500 மிமீ, குறுக்குக் கோடுகளுக்கு 1200 மிமீ. எல்லாக் கோடும் இரண்டு பக்கமும் கிரிட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் தனி ரீஜன் (மூடிய பரப்பாக எண்ணப்படும் பொருள்) ஆக்கி, எண் போட்டு, பரப்பை எடுக்க வேண்டும். இதே போல இன்னும் 40 டிராயிங் காத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் கோடுகள் சாய்வானவை, சிலவற்றில் நடுவே உள்ள துண்டுகளை வேண்டுமென்றே எடுத்துவிட்டு இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக்கியிருக்கிறார்கள். கையால் ஒவ்வொன்றாக கிளிக் செய்து முடிக்கிற வேலை இல்லை.

முதலில் எல்லா லைனையும் பிடித்து ரீஜன் கமாண்ட் கொடுத்தேன், ஒரு ரீஜன்கூட வரவில்லை. அப்புறம் ஆட்டோகேடின் நிரல்மொழியான லிஸ்ப்பில் ஒன்று எழுதினேன்: நெடுக்குக் கோடுகளின் எக்ஸ் மதிப்புகளையும் குறுக்குக் கோடுகளின் ஒய் மதிப்புகளையும் வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டுக்கு நடுப்புள்ளி எடுத்து, அந்தப் புள்ளியை, அதைச் சுற்றியுள்ள மூடிய எல்லையைத் தேடும் பவுண்டரி கமாண்டுக்குக் கொடுத்து, ரீஜன் வாங்குவது. 11 பெருக்கல் 8, 88 கட்டம் வர வேண்டும். முதல் தடவை 81 வந்தது. ஜூமை மாற்றி ஓட்டினால் 88 வருகிறது. ஆனால் பரப்பைக் கூட்டினால் 165.6 சதுர மீட்டர். இருக்க வேண்டியது 16.5 பெருக்கல் 9.6, அதாவது 158.4. எண்ணிக்கை சரியாக இருந்தும் பரப்பு எப்படிக் கூடும் என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

லேயர்0:

81 வந்ததற்கு மட்டும் இப்போது சொல்கிறேன். ஸ்கிரிப்ட் தொடங்கும்போது ஆஸ்மோடை (புள்ளியைப் பக்கத்து முனைக்கோ வெட்டுப்புள்ளிக்கோ இழுக்கும் ஸ்னாப் வசதியின் அமைப்பு) 0 ஆக்கினீர்களா? லிஸ்ப்பிலிருந்து கமாண்ட் வழியாகப் புள்ளி கொடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்னாப் அதைப் பிடித்து இழுக்கும். ஜூம் அவுட்டில் கட்டம் திரையில் சின்னதாக இருந்தால், நடுவில் வைத்த புள்ளி பக்கத்து வெட்டுப்புள்ளிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும், கோட்டின் மேலேயே விழுந்த புள்ளிக்கு பவுண்டரி கிடைக்காது. பழைய மதிப்பை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் திருப்பிப் போடுங்கள். நடுவில் பிழை வந்து நின்றால்கூடத் திரும்பும்படி எர்ரர் ஃபங்ஷனிலும் எழுதுங்கள், இல்லாவிட்டால் டிராயிங்கை அடுத்துத் திறப்பவர் ஸ்னாப் வேலை செய்யவில்லை என்று அலைவார்.

இன்னொன்று, பவுண்டரி கமாண்ட் தானாகப் பார்ப்பது இப்போதைய வியூபோர்ட்டில் தெரிவதை மட்டும்தான். கட்டம் திரைக்கு வெளியே பாதி போயிருந்தால் அதுவும் தவறும். முன்னால் ஒரு ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுங்கள். அதைவிட நல்லது, பவுண்டரி செட்டை நியூ என்று கொடுத்து உங்கள் கிரிட் லைன்களை மட்டும் அதில் சேர்ப்பது. பெரிய டிராயிங்கில் வேகமும் நன்றாகவே கூடும்.

முனைதேடி:

ரீஜன் கமாண்ட் ஒன்றும் தராததற்குக் காரணம் எளிது. அது கோடுகளை வெட்டும் இடத்தில் உடைத்துப் பார்க்காது. முனையோடு முனை சேர்ந்த வளையம் இருந்தால்தான் எடுக்கும். கிரிட்டில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று தாண்டிப் போகின்றனவே தவிர, எந்த முனையும் இன்னொரு முனையைத் தொடவில்லை.

இனி 165.6. இந்த எண்ணை நான் விட மாட்டேன், அதிலேயே விடை இருக்கிறது. ஒரு கட்டம் 1.8 சதுர மீட்டர். கூடுதலாக வந்தது 7.2, சரியாக 4 கட்டம். அளவுப் பிழை இப்படி முழுக் கட்டங்களாக வராது. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் உள்ள கோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். இந்தப் பக்கத்து நடுப்புள்ளியைக் கொடுத்தாலும் இரண்டும் சேர்ந்த 3.6 வரும், அந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அதே 3.6 வரும். ரீஜன் எண்ணிக்கை 2 தான், குறையாது. பரப்பு மட்டும் 3.6 க்குப் பதிலாக 7.2 ஆகிவிடும், 2 கட்டம் கூடுதல். மூன்று கட்டம் ஒன்றாகியிருந்தால் மூன்று புள்ளிக்கும் மூன்று கட்டப் பரப்பு, 9 வரும், 6 கூடுதல். உங்களுக்கு 4 கூடியிருக்கிறது என்றால் 2 உடன் 2, அதாவது உங்கள் கிரிட்டில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு இடத்தில் கோடு அறுந்திருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி. லிஸ்ப்பில் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்கெட் எத்தனை லைன் என்று சொல்கிறது? 21 தானே வர வேண்டும். டிராயிங் முழுவதையும் தேடும் எக்ஸ் ஆப்ஷனில் எடுத்தால் பேப்பர் ஸ்பேஸில் (அச்சுத்தாள் பகுதி) கிடப்பதும் ஃப்ரீஸ் செய்த லேயரில் கிடப்பதும் சேர்ந்து வரும், மாடல் என்று வடிகட்டி எடுங்கள்.

கட்டக்கோடு:

ஆஸ்மோடை அணைத்ததும் எந்த ஜூமிலும் 88 வருகிறது, நன்றி. லைன் எண்ணிக்கை 24! ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லைன் ஒரு இடத்தில் கிடந்தது, இரட்டைக் கோடுகளை நீக்கும் ஓவர்கில் கமாண்ட் கொடுத்ததும் 23 ஆனது. மீதி 2 கூடுதல் நீங்கள் சொன்ன அறுந்த கோடுகளாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ், ஒய் மதிப்புகளில் ஒரே மதிப்பு திரும்ப வந்தால் நீக்கிவிடும்படி எழுதியிருந்தேன், அதனால்தான் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஆனால் எங்கே அறுந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. எவ்வளவு இடைவெளி வரை மூடியதாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ஹெச்பி-கேப்டால் மதிப்பைக் கூட்டிவிட்டால் போதுமா?

முனைதேடி:

அதைக் கூட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. அது இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் போகச் சொல்கிறது, டிராயிங் சரியாவதில்லை. 40 டிராயிங்கில் ஏதோ ஒன்றில் உண்மையாகவே திறந்திருக்க வேண்டிய கட்டத்தை அது மூடிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தேட வேண்டியது தொங்கும் முனைகளை. ஒவ்வொரு லைனின் இரண்டு முனையையும் எடுத்து, அது வேறு ஏதாவது லைனின் மேல் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் அது தொங்கும் முனை, அங்கே ஒரு சிவப்பு வட்டம் போடுங்கள். உங்கள் கிரிட்டில் வெளியே நீட்டிய முனைகள் 12 இன் இரு மடங்கும் 9 இன் இரு மடங்கும், ஆக 42 இருக்கும். அதற்கு மேல் வருவது எல்லாம் உள்ளே எங்கோ அறுந்தது.

ஒரு எச்சரிக்கை. வெட்டுப்புள்ளிக்கு லிஸ்ப்பின் இன்டர்ஸ் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால், இரண்டு கோடுகளின் முனைகளான நான்கு புள்ளியையும் முப்பரிமாணப் புள்ளியாகக் கொடுக்காதீர்கள். நான்கிலும் இசட் இருந்தால் அது இசட்டையும் சேர்த்துப் பார்க்கும். ஒரு கோடு மட்டும் 0.001 உயரத்தில் கிடந்தால் வெட்டவே இல்லை என்று நில் (வெற்று மதிப்பு) கொடுத்துவிடும், மேலிருந்து பார்க்கும் உங்களுக்கோ பளிச்சென்று வெட்டுவது போலத் தெரியும். இசட்டை வெட்டிவிட்டுக் கொடுங்கள். ரீஜனுக்கு எப்படியும் எல்லாம் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், ஆகவே இசட் வேறுபடும் லைன்களைத் தனியாக ஒரு பட்டியலில் காட்டுவதும் நல்லது.

கட்டக்கோடு:

45 வட்டம் வந்தது. 42 வெளியே. உள்ளே 3! ஒரு குறுக்குக் கோடு கட்டத்தின் நடுவில் இரண்டாக நின்று, இரண்டு முனைக்கும் இடையில் 0.03 மிமீ. இன்னொன்றில் ஒரு துண்டு நெடுக்குக் கோட்டைத் தொட 0.2 மிமீ இருக்கும்போதே முடிந்துவிட்டது, அடுத்த துண்டு கோட்டின் மேலிருந்து ஒழுங்காகத் தொடங்குகிறது, அதனால்தான் அங்கே ஒரே ஒரு வட்டம். இரண்டையும் சரிசெய்ததும் 88 கட்டம், 158.4. இவ்வளவு நிம்மதியாக ஒரு எண்ணைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

இனி சாய்வான கிரிட்டும், துண்டு எடுத்த கிரிட்டும். அவற்றுக்கு எக்ஸ், ஒய் வரிசை உதவாது. என்ன செய்யலாம்?

முனைதேடி:

இங்கேதான் பவுண்டரி கமாண்டையே விட்டுவிட வேண்டும் என்று சொல்வேன். அது உள்ளே ஒரு புள்ளி கேட்கிறது. கட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே உள்ளே புள்ளி வைக்க முடியும், தெரிந்துவிட்டால் அப்புறம் பவுண்டரி எதற்கு? டாட்நெட்டில் எழுதுகிறவர்களுக்கு எடிட்டரில் ட்ரேஸ்பவுண்டரி என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் இதே போல உள்புள்ளி வேண்டும்.

கட்டங்களை நேராகக் கோடுகளிலிருந்தே எடுக்கலாம். எல்லா லைன்களையும் இரண்டிரண்டாக எடுத்து வெட்டுப்புள்ளி கண்டுபிடியுங்கள். 23 லைனுக்கு 253 ஜோடி, 400 லைனுக்கு 79,800, லிஸ்ப்புக்கு இது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு லைனிலும் விழுந்த புள்ளிகளை வரிசையாக அடுக்கினால், அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவில் இருப்பது ஒரு துண்டு. அப்புறம் தொங்கும் துண்டுகளைக் கழியுங்கள், ஒன்றைக் கழித்ததால் புதிதாக ஒன்று தொங்கலாம், எதுவும் மிஞ்சாதவரை திரும்பத் திரும்ப.

ஒவ்வொரு துண்டையும் இரண்டு திசையிலும் நடக்கக்கூடிய பாதையாக நினையுங்கள். ஒரு திசையில் கிளம்பி ஒரு சந்திப்புக்கு வந்தால், வந்த வழியே திரும்பிப் பார்க்கும் திசையிலிருந்து கடிகாரச் சுற்றில் அடுத்து வருகிற துண்டில் திரும்புங்கள். இப்படியே போனால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள், அந்தச் சுற்றுதான் ஒரு கட்டம். நடந்த திசைத் துண்டைக் குறித்துவைத்து, மீதி இருக்கும் ஒன்றிலிருந்து மறுபடி கிளம்புங்கள். ஒவ்வொரு திசைத் துண்டும் ஒரே ஒரு சுற்றில்தான் வரும், ஆகவே ஒரே கட்டம் இரண்டு தடவை வரவே வராது, உங்களைத் திண்டாட வைத்த இரட்டை எண்ணிக்கை இதில் பிறக்கவே வழியில்லை. மூலைகளின் ஆயத்தொலைவை வைத்துப் பரப்புச் சூத்திரம் போட்டால் உள்கட்டங்கள் எல்லாம் கூட்டல் குறியோடும், வெளிச்சுற்று கழித்தல் குறியோடும் வரும். கழித்தலை எறிந்துவிடுங்கள்.

எண்ணிக்கையைச் சரிபார்க்க ஆய்லர் சூத்திரம் இருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்த வலையாக இருந்தால், துண்டுகளில் புள்ளிகளைக் கழித்து 1 கூட்டினால் கட்டங்கள். உங்கள் முதல் டிராயிங்கில் புள்ளி 108, துண்டு 195, கட்டம் 88. ஆனால் இதை ஒரு விஷயத்துக்கு மட்டும் நம்புங்கள்: நடந்த நடை சரியா என்று இது சொல்லும். அறுந்த கோட்டைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அறுந்த வலையிலும் இந்தச் சூத்திரம் பொருந்தும், பரப்பின் கூட்டுத்தொகையும் வெளிச்சுற்றோடு ஒத்துப்போகும். அறுந்ததைக் காட்டுவது தொங்கும் முனைப் பட்டியல்தான். அதைக் கழிப்பதற்கு முன்னால் திரையில் போட்டுக் காட்டாத ஸ்கிரிப்டை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

புள்ளிகளை ஒன்று சேர்ப்பதில் கவனம் வேண்டும். தசமத்தில் சுருக்கி அதையே சாவியாக வைப்பது எல்லோரும் முதலில் செய்வது. 0.0004 உம் 0.0006 உம் கிட்டத்தட்ட ஒரே புள்ளி, மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் ஒன்று 0.000, மற்றது 0.001, இரண்டு புள்ளியாகிவிடும், அங்கே வலை கிழியும். சுருக்காமல், ஏற்கெனவே உள்ள புள்ளிகளில் டாலரன்ஸுக்குள் (ஏற்கக்கூடிய சிறு வேறுபாடு) ஒன்று இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு இன்னொன்றின் மேல் வந்து சரியாக முடியும் இடத்திலும் இன்டர்ஸ் கடைசித் தசமத்தில் தவறவிடும், ஆகவே கணக்குக்கு மட்டும் ஒவ்வொரு லைனையும் இரு முனையிலும் டாலரன்ஸ் அளவு நீட்டிக்கொள்ளுங்கள். ஆரிஜினிலிருந்து வெகுதூரத்தில், புள்ளிக்கு முன்னால் ஏழெட்டு இலக்கம் உள்ள சர்வே டிராயிங் என்றால், எல்லாப் புள்ளியிலும் ஒரு பொது மதிப்பைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டு, கடைசியில் திரும்பக் கூட்டுங்கள்.

கட்டம் கிடைத்ததும் மூலைகளை வைத்து மூடிய பாலிலைன் (ஒரே பொருளான தொடர்கோடு) போட்டு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் ரீஜன் கமாண்டுக்குக் கொடுத்தால் ஒவ்வொரு மூடிய பாலிலைனும் தனி ரீஜன் ஆகும். மூலப் பொருளை நீக்குவதா என்று சொல்லும் டெல்ஆப்ஜ் அமைப்பு 0 இல் இல்லாவிட்டால் பாலிலைன்கள் தாமாகவே போய்விடும்.

லேயர்0:

உண்மையாகவே ரீஜன் வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். எண், பரப்பு, சுற்றளவு மட்டும்தான் என்றால் மூடிய பாலிலைனே போதும். கிரிப் பிடித்து இழுத்துத் திருத்தலாம், மூலைகளை லிஸ்ப்பின் என்ட்கெட்டில் படிக்கலாம், ரீஜனில் அப்படிப் படிக்க முடியாது. மாஸ்ப்ராப்பில் சடத்துவத் திருப்புத்திறன் எடுக்க வேண்டும், யூனியன், சப்ட்ராக்ட் செய்ய வேண்டும் என்றால் மட்டும் ரீஜனுக்குப் போங்கள். எப்படியானாலும் எண் போடும் வேலையை ரீஜன் ஆக்குவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவது எளிது.

பாம்புவழி:

கேடுக்கு வெளியே செய்யத் தடை இல்லை என்றால் பைத்தானில் இது மிகச் சின்ன வேலை. முனைதேடி சொன்ன நடையை ஷேப்லி நூலகம் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. ஈஇசட்டிஎக்ஸ்எஃப் என்ற நூலகத்தை வைத்து டிஎக்ஸ்எஃப் (கேட் டிராயிங்கைப் பரிமாறும் வடிவம்) கோப்பிலிருந்து லைன்களை எடுங்கள், யூனரி யூனியன் கொடுங்கள், அது எல்லா வெட்டுப்புள்ளியிலும் கோடுகளை உடைத்துவிடும். அப்புறம் பாலிகனைஸ் ஃபுல். அதில் கட்டங்கள் ஒரு பக்கம் வரும், தொங்கும் துண்டுகள் தனியாக இன்னொரு பக்கம் வரும், எடுத்துத் திரையில் போட வேண்டியதுதான் பாக்கி. யூனரி யூனியனை விட்டுவிட்டு நேராகப் பாலிகனைஸ் கொடுத்தால் ரீஜன் கமாண்ட் செய்ததையே இதுவும் செய்யும், ஒன்றும் வராது. நான் முதலில் அப்படித்தான் கொடுத்தேன்.

இன்னொரு வசதி, ஒரு கட்டத்துக்குள் எதையும் தொடாமல் தனியாக ஒரு சதுரம் இருந்தால் வெளிக்கட்டத்தை ஓட்டையோடு கொடுக்கும். லிஸ்ப்பில் நீங்களே எழுதினால் எது எதற்குள் இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும், ஆய்லர் கணக்கும் அங்கே அப்படியே பொருந்தாது. கிடைத்த கட்டங்களை மூடிய பாலிலைனாகத் தனி லேயரில் எழுதி, கேடில் திறந்து ரீஜன் கொடுங்கள்.

கட்டக்கோடு:

இரண்டையும் செய்து பார்த்தேன். லிஸ்ப்பில் எழுதி முடிக்க நாலு நாள் ஆனது, ஆனால் கோப்பை வெளியே எடுத்துப் போகாமல் வேலை நடப்பது எனக்கு முக்கியம், ஆகவே அதையே வைத்துக்கொள்கிறேன். பைத்தானைச் சரிபார்க்க மட்டும் ஓட்டுகிறேன், இதுவரை ஓட்டிய எல்லாவற்றிலும் இரண்டும் ஒரே எண் கொடுக்கின்றன. இதே 12, 9 கிரிட்டில் தனித்தனியாக 5 துண்டு எடுத்த ஒரு டிராயிங் இருந்தது: துண்டு 190, புள்ளி 108, கட்டம் 83. கையால் எண்ணிப் பார்த்தேன், 83 தான். சாய்வான கிரிட்டுக்கு ஒரு வரிகூட மாற்றவில்லை. தொங்கும் முனைப் பட்டியல் வேறு மூன்று டிராயிங்கில் இதே போல அறுந்த கோடுகளைக் காட்டியிருக்கிறது. அந்த டிராயிங்களில் இதுவரை எடுத்த பரப்பை எல்லாம் மறுபடி எடுக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல் மீதி. கட்டங்கள் எல் வடிவில் சேர்ந்திருக்கும் இடத்தில் எண் பக்கத்துக் கட்டத்துக்குள் போய் விழுகிறது. பரப்பின் மையமான சென்ட்ராய்டில்தான் எழுதுகிறேன்.

முனைதேடி:

எல் வடிவத்துக்கு சென்ட்ராய்ட் உள்ளேதான் இருக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு கையும் மூன்று மூன்று கட்டம் உள்ள எல் வடிவத்தை எடுங்கள், மொத்தம் 5 கட்டம். மூலையிலிருந்து அளந்தால் சென்ட்ராய்ட் இரண்டு பக்கமும் 1.1 கட்ட அளவில் விழும், அது எல்லின் மடிப்புக்குள் இருக்கிற வேறு கட்டம். எழுதுவதற்கு முன்னால் புள்ளி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டத்தின் குறுக்கே சில மட்டங்களில் கிடைக்கோடு விட்டு, உள்ளே அகப்படும் மிக நீளமான துண்டின் நடுவில் எழுதுங்கள். மட்டத்தை மூலைகளின் ஒய் மதிப்புக்குச் சரியாக வைக்காமல் அடுத்தடுத்த இரண்டு ஒய் மதிப்புகளுக்கு நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் கோடு விளிம்போடு ஒட்டிப் போய் கணக்கு குழம்பும்.

பாம்புவழி:

ஷேப்லியில் இதற்கு ரெப்ரசென்டேடிவ் பாயின்ட் இருக்கிறது, எப்போதும் உள்ளே விழும் புள்ளிதான் தரும். சரிபார்க்கும் ஓட்டத்தில் அதையும் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கட்டக்கோடு:

கிடைக்கோடு வழியில் எழுதிவிட்டேன். எண்கள் எல்லாம் அதனதன் கட்டத்துக்குள் இருக்கின்றன. மூவருக்கும் நன்றி.